பெண்கள் பக்கத்து அடி

என் மனுசன் பஸ்தியாம்பிள்ளை வாய் திறக்காத ஆள். மன்னாரில் எனக்கு அவரைக் கலியாணம் பேசியபோது, ஆள் ஊமையோ என்று நானே விசாரித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் லண்டனில் பாடி மாட்டிக்கொண்டார் என்றால் யார் நம்புவார்கள்!

1987இல் அவருக்கு அங்கே ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலில் துப்புரவு வேலை. அந்த வேலைக் கடிதத்தைக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்துத்தான் என்னை ஊரிலிருந்து கூப்பிட வேண்டும். வெள்ளி பின்னேரங்களில் அந்தக் கோயிலில் பன்னிரண்டு ஆண்கள் பாடிப் பழகுவார்கள். பெண்குரலே இல்லை. எல்லாம் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கோயில் பாட்டுகள். அந்த நேரம் வாளிச் சத்தமும் கேட்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

ஒரு நாள் மாதாவின் பாட்டு, இலத்தீனில். ஓர் அடியை ஒருவர் தனியே பாட, அடுத்த அடியை எல்லோரும் பல குரலில் பின்னிப் பாடுவார்கள். தனியே பாடுகிறவர் இருமல் வந்து நின்றுவிட்டார். ஊரில் இதே பாட்டை, இலத்தீனிலேயே, இதே மெட்டில், ஆண்கள் பக்கம் ஓர் அடி, பெண்கள் பக்கம் ஓர் அடி என்று பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். முறை வந்தும் சும்மா நிற்பது பெரிய வெட்கம். துடைப்பத்தோடு பின்னால் நின்ற இந்த மனுசன் அடியை எடுத்துவிட்டார்! பாடி முடித்த பிறகுதான் எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டாராம்.

"வேலை போச்சு, இனி உம்மைக் கூப்பிட ஏலாது எண்டுதான் நினைச்சன்" என்று எனக்குப் பிறகு சொன்னார்.

அவர்களைப் பழக்குகிற பாட்டு மாஸ்டர் கிழவர் இறங்கி வந்து, மிச்ச அடிகளும் தெரியுமா என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து தனி அடிகள் இவருக்குத்தான். குரோய்டனுக்குப் போன கடிதத்தோடு, இவர் எங்கள் பாடகர் என்று தன் கையால் ஒரு கடிதமும் எழுதி வைத்தார். அந்த மனுசன் நல்லாயிருக்க வேண்டும்.

1989இல் வந்து சேர்ந்தேன். முதல் வெள்ளியே என்னைக் கூட்டிப்போய்க் கடைசி வாங்கில் இருத்தினார். அவர் முன்னால் நின்று முதலாம் அடியைப் பாடினார். இரண்டாம் அடியை மற்ற ஆண்கள் பாட, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் அடியையும் பாடினார். மாதாவே, அடுத்தது பெண்கள் பக்கத்து அடியல்லவா! என்னை அறியாமலே எடுத்துவிட்டேன். பாதியில் புத்தி வந்து வாயைப் பொத்தினேன்.

"இஞ்சரும், அரைவாசியில விடாதையும். பாடி முடியும்!" என்று முன்னாலிருந்து கத்தினார் என் ஊமை மனுசன்.

மாஸ்டர் கையைத் தூக்கித் தன் ஆட்களை நிறுத்தினார். நான் எழுந்து நின்று பாடி முடித்தேன். அந்தக் கிழவருக்கு நன்றி சொல்ல அப்போது எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவருக்கு இலத்தீன் தெரியும். ஆண்டவர் தனக்குச் செய்த பெரிய உதவியை மாதா சொல்லிப் பாடுகிற அடி அது.