பேபி அறுத்த கயிறு

பேபி என்றதும் இடுப்பில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற பேபி என்று நினைக்காதீர்கள். நான் முதலில் பார்த்தபோதே அவளுக்கு நாற்பதை நெருங்கிய வயது, நல்ல தாட்டியான உடம்பு, நெற்றியோரம் நரை. கீழ்க்கட்டளைக்காரி. அப்பா ஏசுதாசன் திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். "என் பொண்ணு கல்லத் தொடக்கூடாது" என்று ஒரே பிடிவாதமாக நின்று அவளை பி.எஸ்சி. படிக்க வைத்தார். அவள் பம்பாய்க்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, தாம்பரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். கதிர்வீச்சோடு புழங்குகிற வேலை என்று தெரிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக்கூடக் காலி செய்யாமல் எழுந்து போனார்களாம். "போனா போறாங்க டீச்சர், பஜ்ஜி எங்களுக்கு மிச்சம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நான் கன்னியம்மா. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் குப்புராஜ் சொல்வார். அப்படிச் சொல்ல அவர் இன்றைக்கு இருக்கிறாரே, அதற்குக் காரணம் இந்தப் பேபிதான்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்தார்கள், வீட்டுக்கு வந்தோம். அதன் பிறகு சாயங்காலமானால் காய்ச்சல் வந்துவிடும். குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் இரும்பைத் தூக்கிப் போட்ட மனுஷன், லுங்கி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனார். எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம் பார்த்தாயிற்று. "உள்ள எங்கியோ சீழ் இருக்கு. எங்கன்னு தெரியாம கத்தி வைக்க முடியாதும்மா. ஆனா ரொம்ப நாள் தாங்கவும் மாட்டார்" என்றார் பெரிய டாக்டர்.

டாக்டருக்கே தெரியாதபோது நான் என்ன செய்வேன்? மாடம்பாக்கத்தில் ஒரு பூசாரி மந்திரித்துக் கொடுத்த தாயத்து ஒன்று. பக்கத்து வீட்டு ஷம்சாத், தன் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கி வந்தது ஒன்று. மாமியார் ஊரிலிருந்து அனுப்பியது ஒன்று. மூன்றையும் அவருடைய அரைஞாண் கயிற்றில் வலது பக்கமாகக் கோத்தேன். மெலிந்த இடுப்பில் நழுவாமல் இருக்க இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். நான் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்தாலும் அவிழ்க்க முடியாது.

கடைசியில் எங்களைப் பேபியிடம் அனுப்பினார்கள். அவருடைய ரத்தத்தை ஒரு பெரிய ஊசி நிறைய எடுத்தாள். "இதுல இருக்கற வெள்ளையணுவ மட்டும் பிரிச்சு, கொஞ்சம் கதிர் மருந்து ஏத்தி, திரும்ப இவர் ஒடம்புலயே விட்டுடுவேன். காயம், சீழுன்னா அதுங்கதான் மொதல்ல ஓடும், சரி பண்ற ஆளுங்க அதுங்கதானே. எங்க போவுதுங்கன்னு நம்ம கேமரா பாத்துக்கினே இருக்கும்" என்றாள். எனக்குப் புரிந்தது. சொந்த ஆட்களையே உளவு பார்க்க அனுப்புகிறாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு டாக்டர், "பேபி, மாட்டக் கறந்தாச்சா?" என்றார். "கறந்துட்டேன் சார். வெள்ளிக்கிழமை ஆச்சே, வத்திப்போச்சு. இதான் கடைசி" என்றாள் இவள். ஐயோ, என் புருஷனுக்குப் பாலையா ஊசியாகப் போடப் போகிறார்கள்! நான் போட்ட சத்தத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பம்பாயிலிருந்து வாரா வாரம் விமானத்தில் ஒரு ஈயப் பெட்டி வருமாம். அதிலிருந்து தினமும் காலையில் மருந்தை இறக்குவதைத்தான் கறப்பது என்பார்களாம். இறக்கிய மருந்தும் பொழுது சாய்வதற்குள் பாதி வீரியம் இழந்துவிடும். அன்றைக்குப் பார்க்காவிட்டால் அடுத்த பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். இவர் அதுவரை இருப்பாரா என்பதுதான் கேள்வி.

மணிக்கணக்கில் படம் எடுத்தாள். அணுக்கள் முதலில் நுரையீரலில் தெரிந்தன. பிறகு கல்லீரல், மண்ணீரல், எலும்புகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரையில் மினுங்கின. சீழை மட்டும் காணவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே. டிபி மருந்து ஆரம்பிச்சுப் பாப்போம்" என்றார்.

பேபி திரையை விட்டு நகரவில்லை. "சார், வலது இடுப்பைப் பாருங்க. அதிகமா தெரிஞ்சா சீழுன்னு சொல்லலாம். கம்மியா தெரிஞ்சாலும் சரி. இப்படி ஒண்ணுமே இல்லாம இருட்டா இருந்தா எப்படி? உயிரோட இருக்கறவர் இடுப்பெலும்பு எங்க போச்சு?"

இவரிடம் வந்தாள். "அண்ணா, இடுப்புல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணியும் இல்லம்மா. வாட்ச்சு, மோதிரம் அல்லாத்தியும் கழட்டிக் குட்துட்டேனே."

அவர் பொய் சொல்லவில்லை. அரைஞாணைப் போட்டுக் கழற்றுகிற சாமான் என்று எந்த ஆம்பிளை நினைக்கிறான்? அது உடம்போடு உடம்பு. நான்தான் தாயத்துகளைச் சொன்னேன். பேபி போர்வையை விலக்கித் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக் குப்பிக்குள் எழுதிச் சுருட்டி வைத்தது ஈயத் தகடு என்றேன். "கதிர் வெளிய வராம இருக்க நாங்க பொட்டியே ஈயத்துலதான் செய்யறோம் டீச்சர். நீங்க மூணு போட்டு மறைச்சிருக்கீங்க!" கயிற்றை நகர்த்திப் பார்த்தாள். இறுக்கத்தில் அசையவில்லை, அசைத்த வலியில் இவர் அலறினார். கத்தரிக்கோலை எடுத்ததும்தான் ரகளை.

"பொணத்துக்குத்தான் அறுப்பாங்கோ. நா இன்னும் உசுரோட கீறேன்ல? யாரும் கை வெக்கக்கூடாது!"

டாக்டர் மூடநம்பிக்கை, அது இது என்று கத்தினார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேபி டாக்டரைப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டு வந்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கப்பா ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவார்ணா. ஆனா வேட்டிக்குள்ள கயிறு இருக்கும். ஃபாதர் எவ்ளோ திட்டியும் கழட்டல. எனக்குத் தெரியும். சரி, கயிறு நைஞ்சு போனா எப்படி மாத்துவீங்க?"

"புதுசக் கட்டிக்கினு பழச அறுப்போம்."

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று என்னைப் பார்த்தாள்.

தையல் டீச்சர் பையில் நூலுக்கா பஞ்சம்? கறுப்பு நூலை எட்டு இழையாக்கி முறுக்கி, மேல் வயிற்றோடு தளர்வாகக் கட்டினேன். அவர் தலையாட்டினார். பேபி பழைய கயிற்றை அறுக்கக் குனிந்தாள். அவள் கை அப்படி நடுங்கியது. "கத்தரிக்கோல் பிடிக்கிற லட்சணமாம்மா இது? இப்படிக் கொடு" என்று அதட்டினேன். கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளே அறுத்தாள்.

மறுபடியும் கேமராவுக்கு அடியில் படுக்க வைத்தாள். இருட்டாக இருந்த அதே இடத்தில், சர்க்கரையில் எறும்பு மொய்ப்பதுபோல அத்தனையும் மொய்த்துக் கிடந்தன. பாவம், அவருடைய அணுக்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. பேபியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இவர் எழுந்து உட்கார்ந்து, "இன்னாமே அழுவுற? ஒரு காப்பி வாங்கிக் குடு" என்றார்.

மறுநாள் காலையில் சீழை எடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. பூசாரி தன் தாயத்துதான் காப்பாற்றியது என்றார், ஷம்சாத் தன் ஹஜ்ரத் என்றாள், மாமியாரைக் கேட்கவே வேண்டாம். எல்லோருக்கும் ஆமாம் போட்டேன். பேபிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன், வாங்கவில்லை. "கயிறு முறுக்கிக் குடுங்க டீச்சர், மேசையில வெச்சுக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து எந்த ஆண் வந்தாலும் அரைஞாணைக் கேட்காமல் அவள் படம் எடுப்பதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டு கயிறு கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டேன். "ஊசி போடும்போது நடுங்காத கை அன்னைக்கு ஏன்டி அப்படி நடுங்குச்சு?"

பேபி கயிறுகளை ஒவ்வொன்றாக மேசை டிராயரில் அடுக்கினாள். "எங்கப்பா செத்தன்னைக்கு, ஃபாதர் வர்றதுக்குள்ள கயித்த எடுத்துடணும்னாங்க. யாரும் தொடல. நான்தான் அறுத்தேன். அறுத்துட்டு அவர் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன் டீச்சர். எழுந்துக்கல." டிராயரை மூடினாள். "அண்ணன் எழுந்து உக்காந்து காப்பி கேட்டாரு."

கீழே கேண்டீனுக்குப் போய் இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தேன்.