சிக்னல் போட்டுத் திரும்பும் பீரங்கி வண்டி

பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வலப்பக்கம் பார்க்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார், சந்தேகத்துக்கு மறுபடியும் வலப்பக்கம் பார்க்கிறார். பாலம் ஐஸ் குச்சிகளால் ஆனது. கீழே ஓடும் ஆறு, நீல லைனிங் துணி. வண்டி உள்ளங்கையில் அடங்கிவிடும்: மாத்திரை டப்பாவுக்கு இரும்பு நிறம் பூசி, பேனா மூடியைப் புகைபோக்கியாக நட்டு, பழைய ஜிப்பைச் சக்கரங்களைச் சுற்றி ஒட்டிய நீராவிப் பீரங்கி வண்டி. அக்கரையில் எதிரிப் படை முழுவதும் குறிபார்த்துக் காத்திருக்கிறது. அவர் ஆள்காட்டி விரலை வண்டியின் பக்கவாட்டில் நீட்டுகிறார். திரும்பப் போகிறாராம்.

"யாருக்குத் தம்பி சிக்னல்? உன்னைச் சுடப்போறவனுக்கா?" என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அக்கா.

"பின்னாடி வர்ற வண்டிக்கு."

"பின்னாடி வர்றதும் உன்னுதுதானே?"

"அதுக்காக?"

அக்கா பகடையை உருட்டுகிறார். பீரங்கி வண்டி பாலத்தோடு அழிந்துபோகிறது.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவர் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான். தேர்வுத் திடலில் நட்ட கம்பங்களுக்கு நடுவே காரைப் பின்னோக்கி நுழைக்கிறவர்கள், கம்பத்தில் ஈ உட்காரும் அளவுக்கு உரசினாலும் அவர் வாயிலிருந்து ஒரே சொல் வரும்: "தொட்டுச்சு." திட்ட மாட்டார், அறிவுரை சொல்ல மாட்டார். கீழே இறங்கி, கம்பத்தின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லித் தாளில் பெருக்கல் குறி போடுவார். ஊர் அவருக்குத் 'தொட்டுச்சு சார்' என்றே பெயர் வைத்துவிட்டது. காய்கறிக் கடையில் ஒரு தக்காளியை எடுத்துப் பார்த்தால்கூடப் பின்னாலிருந்து யாராவது மெல்லச் சொல்வார்கள், "தொட்டுச்சு." திரும்பிப் பார்க்க மாட்டார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் தோற்றவர்கள். எத்தனை பேரைத்தான் திரும்பிப் பார்ப்பது?

அலுவலகத் தாழ்வாரத்தில் முனை வந்தால் நடையைக் குறைப்பார். மனைவியோடு கடைத்தெருவுக்குப் போனால், திரும்புவதற்குக் கொஞ்சம் முன்பே கையை நீட்டிக் காட்டுவார். கல்யாணமான புதிதில், தன் கையைப் பிடிக்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து மனைவி பலமுறை ஏமாந்திருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு விளையாட்டு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. ராணி ஒருத்தி பாதி உலகத்தை ஆண்ட பழைய காலம். நீராவிதான் அன்றைய பெரிய அதிசயம். அந்த நீராவியை வைத்தே கவச வண்டிகளும் நகரும் கோட்டைகளும் செய்திருந்தால், செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒரு படையும் வந்து இறங்கியிருந்தால், சண்டை எப்படி நடந்திருக்கும்? அதுதான் விளையாட்டு. ஆளுக்கொரு படை, விரல் உயரச் சிப்பாய்கள். ஸ்கேலால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு எவ்வளவு கரி போடுவது என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும். கரி என்பது கறுப்புப் பாசிமணி. அள்ளிப் போட்டால் வண்டி பறக்கும். பகடை கைவிட்டால் கொதிகலன் வெடிக்கும். வெடித்த வண்டியின் மேல் பஞ்சைப் பிய்த்து வைப்பார்கள்.

அவர் வண்டிகள் வெடித்ததே இல்லை. ஒரு பாசிமணிக்கு மேல் போட மாட்டார். "ஊருக்குள்ள இதுக்கு மேல வேகம் கூடாது" என்பார். ஊர் அதற்கு முன்பே தரைமட்டமாகியிருக்கும்.

அவருடைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் நம்பர் பிளேட் உண்டு. பின்னால் வருவதைப் பார்க்க ஜிகினாப் பொட்டில் கண்ணாடி உண்டு. முனையில் அடிக்க, மிளகளவு வெண்கல மணி ஒன்றும் உண்டு. புதிதாக வண்ணம் பூசிய வண்டி முதல் சண்டையிலேயே அழிந்துபோகும் என்று இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவருக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆகவே புது வண்டியின் முதுகில் சிவப்பு எல் போர்டு ஒட்டி, அனுபவமுள்ள பழைய வண்டி ஒன்றைத் துணைக்கு அனுப்புவார். இரண்டும் அழியும்.

போர்க்களம், மனைவி துணி வெட்டும் மேசை. மனைவி தையல்காரர், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும்தான் மேசை காலி. அறையின் மூலையில் நின்று தைத்து முடித்த துணிகளை ஆவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருப்பார். "என் பட்டன்ல பாதி போருக்குப் போயிருச்சு, மீதி எப்ப கூப்பிடுவாங்களோன்னு பயந்துகிட்டு இருக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

நர்ஸ் அக்கா வருவதற்கு முன் அவர் பல வருடங்கள் தனியாகத்தான் ஆடினார். வலது கை ஒரு படை, இடது கை ஒரு படை. இடது கை ஸ்கேலைச் சாய்த்துப் பிடிக்கிறது என்று ஒருமுறை ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு இரண்டு கைகளுக்கும் ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவர்; பெரியாஸ்பத்திரி வார்டில் நர்ஸ். சிரித்தால் அடுத்த வார்டு விழித்துக்கொள்ளும். முதல் தேர்வில் ஏற்றத்தில் கார் பின்னால் உருண்டு தோற்றுப்போனார். தாளை வாங்க அறைக்குள் வந்தவர், கோப்புகள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த பீரங்கி வண்டியைப் பார்த்துவிட்டார். "என்ன சார் இது, குக்கருக்குச் சக்கரம் மொளச்ச மாதிரி?" என்று கேட்டார். அவர் விளக்கத் தொடங்கினார். அதுவரை அவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. அக்கா கேட்டார்: "இதுல அடிபட்டவங்கள யாரு பாத்துக்குவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தீப்பெட்டியில் சிவப்புச் சிலுவைக் குறி வரைந்து, மெத்தைக்குப் பஞ்சு வைத்து, ஆஸ்பத்திரியோடு வந்து இறங்கினார். செவ்வாய்ப் படையை எடுத்துக்கொண்டார். விழுந்த சிப்பாயை அவர் டப்பாவில் போடப் போனால் அக்கா விட மாட்டார். "செத்துட்டான்னு நீயே சொன்னா எப்படி? நாடி பாத்தியா?" என்பார். எதிரிச் சிப்பாய்க்கும் அதே தீப்பெட்டி, அதே பஞ்சு. விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, எங்கும் தடை இல்லாததால் அவர் ஒப்புக்கொண்டார்.

அவரும் ஒரு விதி போட்டார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் தேர்வுப் பேச்சு கூடாது. தேர்வுத் திடலில் மேசைப் பேச்சு கூடாது. இங்கே அவர் தம்பி, அங்கே சார். அக்கா விதியைப் பெரும்பாலும் காப்பாற்றினார். "உன் வண்டி எல் போர்டோட போருக்கே போகுது, என்னைப் பக்கத்துத் தெருவுக்கு விட மாட்டேங்கிற" என்று ஒருமுறை முனகியதோடு சரி.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மூலையில் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விடும்போதெல்லாம் எதிரே இருக்கும் தொட்டுச்சு சாரின் மூக்குக்கண்ணாடி மங்கும். கழற்றித் துடைப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மேசையின் அந்தக் கரை தெரியாது. மறுபடி மாட்டிப் பார்த்தால் செவ்வாய்ப் படை ஒரு விரல்கடை முன்னால் நிற்கும். ஒரு நாள் அதன் பெரிய வண்டி, பாலம் இருந்த இடத்துக்கு எங்கோ தள்ளி, ஆற்றைக் கடந்து நின்றது. குட்டு வெளிப்பட்டும் அக்கா அசரவில்லை.

"ஆவி வண்டி தம்பி. ரூம் பூரா ஆவி. நகராம என்ன செய்யும்?"

மூலையில் மனைவி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆவி விடும் நேரத்தைத் தீர்மானித்தது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை அவர் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் மாதிரி மேசையைத் தடவித் தடவி ஆடுவார், கழற்ற மாட்டார்.

இப்படியே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கும். மலைப்பக்கத்து வேலை குறுக்கே வந்தது. மலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரி ஒரு நர்ஸைத் தேடியது. காரும் தங்க வீடும் உண்டு. காரைத் தானே ஓட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள் உரிமம் வேண்டும். அங்கிருந்து ஞாயிறுதோறும் வந்து போக முடியாது. அக்கா எதையும் மறைக்கவில்லை.

"வார்டுல மணி அடிச்சா ஓடி ஓடி முட்டி தேஞ்சு போச்சு தம்பி. இனிமே நான் போய் அவங்க கதவைத் தட்டணும். எனக்கு இந்த வேலை வேணும்."

அவர் கையிலிருந்த கறுப்பு மணிகளை எல்லாம் ஒரே வண்டியில் போட்டார். அவருடைய வண்டி ஒன்று முதல்முறையாக வெடித்தது.

இரண்டாவது தேர்வில் அக்கா கம்பத்தையே சாய்த்துவிட்டார். அதில் வாதத்துக்கு இடமில்லை. மூன்றாவது தேர்வில் பின்னோக்கி நுழைக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "தொட்டுச்சு" என்றார். "சரி சார்" என்றார் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல வந்து, வழக்கம்போல ஜெயித்துவிட்டுப் போனார்.

ஆற்றை மடித்து வைத்தபடியே மனைவி கேட்டார். வாயில் குண்டூசிகள் இருந்ததால் மெல்லத்தான் கேட்டார்.

"நெஜமாவே தொட்டுச்சா, இல்ல தொட்டாத் தேவலைன்னு இருந்துச்சா?"

"தொட்டுச்சு" என்றார்.

ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அக்கா ஓட்டிய பயிற்சிப் பள்ளிக் காரின் நம்பர் பிளேட்டுக்கு ஒரு திருகாணி இல்லை. பிரேக் போட்டால் 'டக்' என்னும். அதைச் சரிசெய்யச் சொல்லிப் பயிற்சியாளரை அவரே கடிந்துகொண்டிருக்கிறார். அதுகூடப் போகட்டும். எப்போதும் இறங்கிக் கம்பத்தைப் பார்க்கிறவர், அன்று ஏன் இறங்கவில்லை? இறங்கிப் பார்த்தால் தொடாமல் இருந்துவிடுமோ என்று பயந்தாரா? இத்தனை வருடங்களாக ஊரையே சோதித்தவருக்கு, தன்னைச் சோதிக்க ஒரு கம்பம் கிடைக்கவில்லை.

மாதக் கடைசிக்கு முன்பு இன்னும் ஒரே ஒரு தேர்வு பாக்கி. மறுபடி 'தொட்டுச்சு' என்றால் மனைவியின் கேள்வி நிற்கும். 'தொடவில்லை' என்றாலும், அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொன்னாரோ என்று வேறொரு கேள்வி முளைக்கும். தன் கண்ணையும் காதையும் நம்பி இனிப் பிரயோசனமில்லை என்று முடிவு செய்தார். தேர்வு நாள் காலையில் தன் பீரங்கி வண்டிகளிலிருந்த வெண்கல மணிகளை எல்லாம் கழற்றினார். மனைவியின் தையல் நூலில் கோத்து, திடலின் கம்பங்களில் கட்டினார். இனி மணி சொல்லட்டும்.

மணி எல்லாவற்றுக்கும் சொன்னது. காற்று வீசினால் சொன்னது, குருவி உட்கார்ந்தால் சொன்னது, வரிசையில் யாராவது தும்மினாலும் சொன்னது. முதலில் வந்த பல் டாக்டர் சண்டைக்கே வந்துவிட்டார். "நான் தொடல சார், காத்து தொட்டுச்சு. காத்தைக் கூப்பிட்டு ஃபெயில் பண்ணுங்க." அது நியாயமாகவே பட்டதால், ஒரு முழ நூலைக் கையில் தொங்கவிட்டுப் பிடித்து, அது ஆடாமல் நின்ற பிறகுதான் ஒவ்வொருவரையும் விட்டார். வெயிலில் வரிசை நீண்டது. நடுத்திடலில் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அதிகாரியைப் பார்த்து, தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அக்காவின் முறை வந்தது. பயிற்சியாளர் இறங்கிக்கொள்ள, அவர் பக்கத்து இருக்கையில் தாளோடு உட்கார்ந்தார். ஏற்றம் முடிந்தது, திருப்பம் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்த நூல் ஆடாமல் நின்ற ஒரு நொடியில் தலையசைத்தார். அக்கா நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டார். செவ்வாய்ப் படையை நகர்த்தும்போதும் அப்படித்தான் கடித்துக்கொள்வார். கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. நின்றது. 'டக்' என்றது நம்பர் பிளேட்.

மணி எதுவும் பேசவில்லை.

அவர் இறங்கினார். ஒவ்வொரு கம்பமாகப் போய், முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தார். எல்லா மணிகளும் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து காரின் ஜன்னலருகே நின்றார்.

"தொடல."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஊர் கேட்டதே இல்லை. வரிசையில் பல் டாக்டர் கைதட்டத் தொடங்கி, துணைக்கு யாரும் வராததால் நிறுத்திக்கொண்டார்.

தாளை வாங்கிக்கொண்ட அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இப்ப சார்னு கூப்பிடவா, தம்பின்னு கூப்பிடவா?"

"திடல்ல சார்தான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"இருப்பீங்களாக்கா?"

"இந்த ஒரு ஞாயிறு இருப்பேன்" என்றார் அக்கா.

பயிற்சியாளர் ஏறிக்கொண்டார். கார் புறப்பட்டது. கரியை அள்ளிப் போட்ட வண்டி மாதிரி அக்கா திடலைக் கடந்தார். வாசலில் நிற்கவில்லை, வலப்பக்கம் பார்க்கவில்லை, இடப்பக்கம் பார்க்கவில்லை. சிக்னல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்தவராகச் சட்டென்று தெருவுக்குள் திரும்பினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பித் தொட்டுச்சு சாரைப் பார்த்தார்கள்.

காற்றில் பொட்டு ஈரமில்லை. அவர் அதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், போதாது என்பதுபோல் மறுபடி முதலிலிருந்து துடைத்தார். தெருமுனையில் நம்பர் பிளேட்டின் டக் டக் முழுவதும் அடங்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.