லேயாம்மாவின் ஆறு சரணம்

"ஒன்று, இரண்டு, கடைசிச் சரணம் பாடுவோம்" என்று ஆயர் அறிவித்தால் போதும், லேயாம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சபை முழுக்கக் கடைசிச் சரணத்துக்குத் தாவும். அவள் மட்டும் கணீரென்று மூன்றாவதை எடுப்பாள். ஆர்மோனியம் தடுமாறும், பின்வரிசை இளசுகள் வாயைப் பொத்திச் சிரிக்கும். மகள் சுகிர்தா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"எழுதினவரு எத்தினி கண்ணீரோட எழுதிக்கீறாரு! நடுவுல புடுங்கிப் போட நாம யாரு?" வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே பேச்சுதான்.

காக்களூரில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பச்சையப்பனுடையது. ஒரு கம்பெனியின் கூரையில் வேலை செய்யும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துவிட்டான். மனைவி ரோஜா முதல் ஷிப்டுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் காலை நேரத்தை லேயாம்மா எடுத்துக்கொண்டாள், யாரும் கேட்காமலே. உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, அவனைத் தூக்கி உட்காரவைத்து, எதிரே நின்று இரு தோளையும் பிடித்துக்கொண்டு ஒரு கீர்த்தனை பாடுவாள். முதுகு தினமும் கால் மணி நேரமாவது காற்றாட வேண்டும், இல்லாவிட்டால் புண் வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்நிய ஆம்பளைக்கு இவள் ஏன் செய்கிறாள் என்று தெருவில் முணுமுணுத்தார்கள். சபையிலோ வேறு அவசரம். "எப்போம்மா அவருக்கு ஞானஸ்நானம்?" என்று ஒருவர் கேட்டபோது லேயாம்மா சிரித்தாள். "மொதல்ல அவன் உக்காரட்டும்யா." அந்த அறையில் மாட்டியிருந்த திருத்தணி முருகன் படத்துக் கண்ணாடியையும் அவள்தான் துடைப்பாள். தூசி யாருடைய படத்தில் இருந்தாலும் அவளுக்குப் பிடிக்காது.

போன மாதம் ஒரு காலை, ஜெபத்துக்கு முழங்காலிட்டவள் எழுந்திருக்கவில்லை. கர்த்தர் அவளை அப்படியே அழைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததிலிருந்து பச்சையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். யாரையும் தொடவிடவில்லை. "முதுகு செவந்து போச்சு சுகி. புண்ணு வாயத் தொறந்துட்டா இவர நான் எப்டி காப்பாத்துவேன்?" என்று ரோஜா வந்து அழுதாள்.

சுகிர்தாவுக்கு இரண்டாவது ஷிப்ட், காலையில் வீட்டில்தான் இருப்பாள். மறுநாள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு போனாள்.

"வாணாம் தங்கச்சி. லேயாம்மாவோட எல்லாம் போச்சு. உட்டுடு."

"எங்கம்மா இத்தினி நாளு பாடுபட்டது நீ அழுகிப் போறதுக்காண்ணா? தோளக் குடு."

அம்மாவின் அதே அதட்டல். அவன் தோளைக் கொடுத்தான். உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுச் சுவர் வழியே தினமும் காதில் விழுந்த கீர்த்தனையைப் பாடினாள். பல்லவி, முதல் சரணம், இரண்டாவது, கடைசி. முடித்து மெல்லப் படுக்கவைத்தாள்.

பச்சையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா தங்கச்சி, அதுக்குள்ள சாச்சிட்ட? நடுவுல இன்னும் மூணு கீதே!"

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு கையும் அவன் தோளில் இருக்கும்போது அம்மா எந்தக் கடிகாரத்தைப் பார்த்திருப்பாள்? ஆறு சரணமும் முடிந்தால்தான் டாக்டர் சொன்ன நேரம் ஆகும். சபையில் எல்லோரும் சிரித்த பிடிவாதம் இந்த அறையில் மருந்தாக இருந்திருக்கிறது. அம்மா செத்த அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. அடக்காமல் அழுதாள்.

"சபையில பாடாத அந்த மூணுக்கும் எனக்கு வார்த்த தெரியாதுண்ணா."

"எனக்குத் தெரியும். தூக்கு."

அவன் ஒவ்வொரு அடியாகச் சொன்னான், அவள் பாடினாள். அதன் பிறகு ஒரு காலைகூடத் தவறவில்லை. முதுகின் சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

லேயாம்மாவுக்கான நினைவு ஆராதனைக்கு நானும் வருவேன் என்று பச்சையப்பன் அடம்பிடித்தான். சுகிர்தாவின் அண்ணன் மோசஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து வாசலோரம் நிறுத்தினான். நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தவனைச் சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அதே கீர்த்தனைதான். ஆயர் வழக்கம்போல அறிவித்தார். "ஒன்று, இரண்டு, கடைசிச் சரணம்."

இரண்டாவது முடிந்ததும் சுகிர்தா முக்காட்டைத் தளர்த்திவிட்டு மூன்றாவதை எடுத்தாள். ஆர்மோனியம் தடுமாறி நின்றது. அவள் நிற்கவில்லை. நான்காவதில் ஓர் அடி மறந்துபோனபோது, வாசலிலிருந்து கரகரத்த ஆண் குரல் அந்த அடியை எடுத்துக் கொடுத்தது. ஆயர் மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார். ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது.

ஆறாவது சரணம் முடியும்வரை பச்சையப்பன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.