ஏசியைச் சரிசெய்த ஆடு

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளியின் வெளிநாட்டுக் காருக்கு நான்தான் டிரைவர். ஏசி வைத்த கார். முதலாளியின் மனைவிக்கு இதய நோய், வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் அவரை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், ஏசியோ அனலாக ஊதுகிறது. முந்தின நாள்தான் மெக்கானிக் பெல்ட்டை இறுக்கி, கேஸும் நிரப்பியிருந்தார். "நீதான் எதையோ திருகிட்டே" என்று முதலாளி என்மேல் எரிந்து விழுந்திருந்தார்.

வாலாஜாபாத் வந்ததும் முதலாளியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மரத்தடியில் நிறுத்திவிட்டு இளநீர் வாங்க ஓடினேன். திரும்பி வந்தால், காரின் முன்னால் தொங்கிய மாலைகளை ஓர் ஆடு மென்னுக்கினு இருக்குது! வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயில் மாலையைக் கட்டுவேன். சாமி மாலையைக் கழற்றக் கூடாதென்று பழையதன் மேலேயே புதியது. விரட்டுவதற்குள் பாதிக்குமேல் காலி. பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று காற்று வந்தது. அப்போதுதான் உறைத்தது: ஏசியின் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் அந்த மாலைகளுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. காற்று புக வழியில்லாமல் நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"குறைக்கட்டுமாம்மா?"

"வாணாம்பா. வரும்போது அந்த ஆட்டுக்கு ஒரு கட்டு கீரை வாங்கிப் போடு."

போட்டேன். மிச்சமிருந்த மாலையையும் நானே கழற்றி அதன் வாயில் கொடுத்தேன். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.