சுவரைத் தட்டினால் மிஷின் நிற்கும்

சூடாக வெளியே வரும் டிவிடிக்கு ஒரு வாசனை உண்டு. போடியில் எங்கள் கடையில் அதோடு ஏலக்காய் வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் மணந்தால் எனக்குக் கல்யாண வீடியோ ஞாபகம்தான் வருகிறது... என்ன செய்ய!

அப்போது நான் சின்னதாக வீடியோ மிக்சிங் கடை போட்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிவிடி ரைட்டர், ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான் கடை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் முருகேசன் அண்ணனின் ஏலக்காய் கடை. காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் மிஷின் பகலெல்லாம் விட்டுவிட்டுக் கடகடவென்று ஓடும்.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கடைத் தூசி என் கடைக்குள் வருகிறது என்று நான் சத்தம் போட்டிருந்தேன். என் ஸ்பீக்கரில் விடிந்ததிலிருந்து கெட்டிமேளம் கேட்கிறது என்று அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டிருந்தார்.

என் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி இருந்தது. எடிட்டிங் எல்லாம் சமர்த்தாகச் செய்யும். டிஸ்க் எழுதத் தொடங்கினால் மட்டும் பாதியில் அப்படியே உறைந்துவிடும். மவுஸ் நகராது. எந்தப் பட்டனுக்கும் மசியாது. பிளக்கைப் பிடுங்கினால்தான் விமோசனம்.

வைரஸ் என்று நினைத்து ஸ்கேன் போட்டேன். ஃபார்மட் செய்தேன். ஸ்பீடைக் குறைத்தேன். டிஸ்க் கம்பெனியை மாற்றினேன். கேபினெட்டைத் திறந்து வைத்து ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நான் வேர்த்து வழிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வீணான டிஸ்க்குகளைத் தேவாரம் பக்கத்து விவசாயிகள் வந்து வாங்கிப் போவார்கள், சோளக்காட்டில் கட்டிக் குருவி விரட்ட. என் தோல்வியெல்லாம் அங்கே வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் மதியம் பேச்சியம்மா அக்கா மகளின் கல்யாண டிவிடிக்காக வந்து உட்கார்ந்தார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் ஈஸ்வரிக்குப் போடியில் கல்யாணம் முடித்து, அன்று காலையில்தான் திருப்பூருக்குப் பஸ் ஏற்றிவிட்டிருந்தார். தோட்டத்தில் லீவு முடிந்துவிட்டது. சாயங்கால ஜீப்பில் மலையேறியே ஆக வேண்டும்.

"நாளைக்குக் குடுத்துவிடட்டுமாக்கா? ஜீப்புக்காரர் கொண்டாந்து தருவாரே" என்றேன்.

"இல்ல தாயி. இம்புட்டு நாளா நானும் அவளுந்தான் அந்த வீட்டுல. கைல இதுவாச்சும் இருந்தாத்தான் இன்னைக்கு ராத்திரி அந்த வெறும் வீட்டுக்குள்ள கால வைப்பேன்."

முதல் டிஸ்க் போட்டேன். உறைந்தது. இரண்டாவது... அதுவும். பேச்சியம்மா அக்கா வாசலில் நின்ற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். டேபிள் ஃபேன் திடீரென்று சோர்ந்து சுற்றியது. அதே நொடி சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் கிளம்பும் சத்தம். இங்கே மவுஸ் நின்றது.

அட ஆண்டவனே! மிஷினுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏன் ஒரு டிஸ்க்கும் வீணாவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மிஷின் கிளம்பும்போது எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. என் யூபிஎஸ் பேட்டரி செத்து நாளாகியிருந்தது. சும்மா இருந்தால் கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும், ரைட்டரும் சேர்ந்து கரண்ட் இழுக்கும்போது தாங்காமல் உறைந்துவிடும்.

வீம்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கடைக்கு ஓடினேன். வாசலில் லாரி நின்றது. மூட்டை ஏற்றும் அவசரத்தில் இருந்தார் முருகேசன் அண்ணன்.

"அண்ணே... ஒரே ஒரு டிஸ்க் எழுதி முடியுற வரைக்கும் மிஷின நிறுத்துவீகளா? அக்கா ஜீப்ப விட்டுட்டா..."

அவர் என்னைப் பார்த்தார். என் பின்னாலேயே வந்து நின்ற பேச்சியம்மா அக்காவைப் பார்த்தார். உள்ளே திரும்பி ஒரு சத்தம்:

"ஏய், மிஷின அமத்துங்கப்பா! ஃபேனையும் அமத்துங்க!"

அதோடு விடவில்லை. வெளியே வந்து ஜீப்புக்காரரிடம், "மாப்ளே, ஒரு டீயக் குடி, இந்தா வந்துருவாக" என்று அவரையும் பிடித்து வைத்தார்.

காய் பொறுக்கும் பெண்கள் எல்லாம் எழுந்து என் கடை வாசலில் குவிந்துவிட்டார்கள். ஸ்கிரீனில் பச்சைக்கோடு ஊர்ந்தது.

"நகருதாடி?"

"நகருது, நகருது. மூச்சுக் காட்டாத."

தட்டு தானாக வெளியே நீண்டது. போட்டுப் பார்த்தோம். ஈஸ்வரி மாலையும் கழுத்துமாகச் சிரித்தாள். அத்தனை பெண்களும் ஒன்றாக "ஆத்தீ..." என்றார்கள். பேச்சியம்மா அக்கா அந்த டிஸ்க்கைச் சூட்டோடு முந்தானையில் சுற்றிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் சுவரைத் தட்டினால் மிஷின் நிற்கும். அவர்கள் டீ குடிக்கும் நேரம், எனக்கு டிஸ்க் எழுதும் நேரம். புது பேட்டரி வாங்கிய பிறகும்கூட அந்தப் பழக்கம் கொஞ்ச காலம் விடவில்லை. என் கடை நிலைத்தது அந்தச் சுவரால்தான் என்று இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

இப்போது எல்லாம் லிங்க்தான். கல்யாணம் முடிந்து வீடு போவதற்குள் வீடியோ போனுக்குப் போய்விடுகிறது. யாரும் யாரையும் எதையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. சௌகரியம்தான்.

போன வாரம் பேச்சியம்மா அக்கா அதே கடைக்கு வந்தார். டிஸ்க் தேய்ந்துவிட்டதாம், இன்னொன்று வேண்டுமாம்.

"ஈஸ்வரி மூஞ்சியத்தான் தெனமும் போன்ல பாக்குறீகளே, இது எதுக்குக்கா?" என்று சீண்டினேன்.

"போன்ல வர்றவளுக்கு ஆயிரம் சோலி தாயி, வெரசா வச்சிருவா. இதுல இருக்கவ நான் அமத்துற வரைக்கும் இருப்பா."

பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கல்யாணம் பத்திரமாக இருந்தது. பரணிலிருந்த ரைட்டரை எடுத்துத் தூசி தட்டி மாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் முருகேசன் அண்ணனின் மிஷின் வழக்கம்போல் கடகடத்துக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தப் போன கை, தானாகச் சுவர்ப் பக்கம் போனது. வோல்டேஜுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை... இருந்தாலும் தட்டினேன்.

அந்தப் பக்கம் மிஷின் நின்றது.