கார் ஓடும் கமலநாயகி

சாவியைத் திருப்புவதற்கு முன் கமலநாயகி மூன்று கண்ணாடிகளையும் விரலால் தொட்டுப் பார்க்கிறார். பிறகு முன்னால் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாரை ஒரு பார்வை. எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்கிறார்: "பெல்ட் போட்டாச்சோ? போடாத ஆக்கள் இறங்கலாம்."

விளக்கு இல்லாத ஒவ்வொரு சந்தியிலும் வேகத்தைக் குறைத்து, "ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்" என்று வாய்விட்டுச் சொல்கிறார். வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதலிடம் என்பது ஜெர்மன் சாலை விதி. சந்தியில் வேறு வாகனமே இல்லாவிட்டாலும் அவர் அதைச் சொல்லாமல் கடப்பதில்லை.

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழர்களில் பாதிப்பேர் அவரை மாமி என்கிறார்கள். மீதிப்பேருக்குப் பெரியம்மா. கணவரின் தம்பிமார் இருவருக்கு மட்டும் அண்ணி. வயது எண்பது. நாலடி பத்தங்குல உயரம். சேலை கட்டினாலும் காலில் தட்டையான கறுப்புச் சப்பாத்து, அதற்குள் கனத்த காலுறை. "செருப்போடை பெடல் மிதிக்கேலாது" என்பது அவர் கட்சி. பெல்ட்டைத் தவிர, காரில் அவர் வைத்திருக்கும் சட்டங்கள் இரண்டு. ஒன்று, போனைச் சத்தமாகப் போடக்கூடாது. மற்றது, "கவனம், கவனம்" என்று பக்கத்திலிருந்து சொல்லக்கூடாது. சொன்ன ஒருவரைச் சாலையோரம் நிறுத்தி இறக்கிவிட்டதாகக் கேள்வி. பழகிய உரிமையில் அவரிடமே கேட்டேன். "பஸ் தரிப்பிடத்திலைதான் இறக்கினனான்" என்றார்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வெளிநாட்டவர் அலுவலகம் என்று யாரையாவது இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அவர் சும்மா இருப்பதில்லை. மடியில் பத்திரிகையை விரித்து, சின்ன வெங்காயம் உரிப்பார். அதனால் அந்தக் காருக்கு ஒரு நிரந்தர வாசனை உண்டு. கணவரின் தம்பிமாருடைய பிள்ளைகளான அவருடைய பெறாமக்கள், வெங்காயம் வெட்டும்போதெல்லாம் விசா நினைவு வருகிறது என்கிறார்கள்.

இவ்வளவுக்கும், ஐம்பத்திரண்டு வயது வரை அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. 1986இல் பிள்ளைகள் மூவரோடு ஜெர்மனியில் வந்து இறங்கியபோது கணவர் புவனேந்திரன் ஒரு வருடம் முந்தி வந்திருந்தார். அவர் தொழிற்சாலையில் வேலை செய்தார், இவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில். கார் ஓடுவது அவர் வேலை, சீட்டில் தூங்குவது இவர் வேலை. 1997இல் புவனேந்திரன் வேலைத்தலத்திலேயே மாரடைப்பில் இறந்தார். கார் வீட்டு வாசலில் நின்றது.

தம்பிமார் விஜயரத்தினமும் இராசலிங்கமும் முறை வைத்து அண்ணியை ஏற்றி இறக்கினார்கள். அடுத்த மாசியில் ஒருநாள், இளைய மகனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் காட்டிவிட்டு மருந்துப் பையோடு மதிலோரம் பனியில் நின்றார். வருவதாகச் சொன்ன விஜயரத்தினம் மறந்துபோனார். ஒன்றே முக்கால் மணிநேரம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார். மறுநாள் காலை கமலநாயகி தனியாக நடந்துபோய் வாகனப் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்தார்.

"ஆராவது வருவினமோ எண்டு தெருவைப் பாத்துக்கொண்டு நிக்கிறது எனக்கு ஏலாது, பிள்ளை" என்றார் என்னிடம். "பசி கிடக்கலாம். அது கிடக்கேலாது."

எழுத்துப் பரீட்சை தமிழில் இல்லை. மகள் கேள்விகளையும் விடைகளையும் ஜெர்மனில் வாசித்துக் கசெட்டில் பதிந்து கொடுத்தாள். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் காதில் மாட்டிக்கொண்டு, படுக்கை விரிப்புகளை மடித்தபடியே கேட்டார். பொருள் பாதி விளங்கவில்லை. மனப்பாடம் மட்டும் முழுதாக இருந்தது. நான்கு முறை தோற்றார். ஐந்தாம் முறை தேறியபோது பயிற்றுநர் வெஸ்ட்ஹோஃப் என்ற பெரிய உடம்புக்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாராம். லைசென்ஸ் கைக்கு வரும்போது வயது ஐம்பத்து நான்கு.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் அவருடைய காரில்தான் நடந்தது. தம்பிமார் இருவரும் ஒரு கலியாண அழைப்பிதழில் யார் பெயர் முதலில் அச்சாவது என்பதில் முறைத்துக்கொண்டு மூன்று வருடம் பேசாமலிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை, காசல் நகரத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்று சொல்லி விஜயரத்தினத்தை ஏற்றப் போனார் அண்ணி. கார் கிளம்பிய பிறகுதான் விஜயரத்தினம் கண்டார், பின் சீட்டில் ஏற்கெனவே இராசலிங்கம் இருந்தார். நெடுஞ்சாலையில் இறங்கவும் முடியாது. நூற்றைம்பது கிலோமீட்டர் அண்ணியும் வாய் திறக்கவில்லை. காசலில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காரைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கதைச்சு முடிஞ்சுதோ?"

"ஆருக்கு அண்ணி சுகமில்லை?" என்றார் விஜயரத்தினம்.

"உங்கள் ரெண்டு பேருக்கும்தான். முடியேல்லையெண்டால் சொல்லுங்கோ, இன்னும் ஓடுவம். எண்ணெய் நிரம்பக் கிடக்கு."

திரும்பும் வழியில் பேசத் தொடங்கினார்கள். ஹம் எல்லைக்குள் வரும்போது இருவரும் சேர்ந்து அண்ணியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சென்ற ஆவணியில் எண்பதாவது பிறந்தநாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், மாமியைப் பற்றிய நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் பேசினார்கள். பதினொரு நினைவுகளில் அவர் கார் ஓடிக்கொண்டிருந்தார். இராசலிங்கத்தின் மகள் யதுசா ஜெர்மனும் தமிழுமாகச் சொன்னாள்: "நான் பிறக்கிற அண்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது பெரியம்மா. வழியிலை ஒரு சிவப்பு விளக்கு. ஒரு வாகனமும் இல்லை. அம்மா கத்துறா. பெரியம்மா பச்சை வரும்வரைக்கும் நிண்டவ. அம்மா இன்னும் மன்னிக்கேல்லை." மண்டபம் சிரித்தது. கமலநாயகி சிரிக்கவில்லை. "சிவப்பெண்டால் சிவப்புத்தானே" என்று பக்கத்திலிருந்த என்னிடம் விளக்கம் சொன்னார்.

அன்று அவர் மகன் நிசாந் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "அம்மா இனி ஓடக்கூடாது. ஆர் சொல்லுறது? எங்களுக்குப் பயம்" என்றான். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் வேறு பேச்சுக்குப் போய்விட்டானாம்.

பிறந்தநாள் கழிந்து ஏழாவது வாரம் அது நடந்தது. காலை பத்து மணி. கடைக்குப் போகும் வழியில், பாதசாரிக் கடவையில், குழந்தை வண்டியோடு ஒரு பெண் பாதி தூரம் வந்துவிட்டாள். கமலநாயகி அவளைக் காணவில்லை. கண்டபோது பிரேக்கை மிதித்தார். கார் நின்றதற்கும் வண்டிச் சில்லுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. அந்தப் பெண் உள்ளங்கையால் காரின் முன்பக்கத்தில் இரண்டு முறை ஓங்கி அடித்துவிட்டு, அழுதுகொண்டே போனாள். கமலநாயகி காரை ஓரம் கட்டி அரைமணிநேரம் உள்ளேயே இருந்தார்.

யாருக்கும் தெரியாது. ஒரு கீறல்கூட இல்லை. நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கார் வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டு, கறி பரிமாறி முடிந்ததும், நின்றபடியே நடந்ததைச் சொன்னார். "வெயில் கண்ணிலை பட்டதெண்டு சொல்லலாம். வெயில் படேல்லை. நான் காணேல்லை. இனி ஓடமாட்டன். லைசென்ஸைக் குடுக்கப்போறன்."

இவ்வளவு நாளும் இதைச் சொல்ல வழி தேடியவர்கள் இப்போது அவருக்காக வாதாடத் தொடங்கினார்கள். கண் டொக்டரிடம் காட்டுவோம், கண்ணாடி மாற்றினால் சரிவரும் என்றான் நிசாந். "அண்ணி, ஆருக்கும் அடிபடேல்லைத்தானே?" என்றார் விஜயரத்தினம்.

"பட்டிருந்தால் நீர் இப்ப சோறு தின்னுவீரோ?"

நிசாந்தின் மனைவி கஜந்தி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அதுவரை வாய் திறக்காதவள் போனில் நாட்காட்டியை எடுத்தாள். "மாமி, லைசென்ஸ் குடுக்கிற அலுவலகத்திலை தெர்மின் எடுத்து நேரம் குறிக்கோணும். எந்த நாள் உங்களுக்கு வசதி?"

"செவ்வாய்" என்றார் கமலநாயகி. பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் போனேன். பின் சீட்டில் நான், முன்னால் கஜந்தி. அலுவலகம் வரை தானே ஓடுவதாக அவர் சொல்லியிருந்தார். கையெழுத்து வைக்கும் வரைக்கும் அவருக்கு உரிமை உண்டு. மெல்லிய மழை. நேர் வழியில் பத்து நிமிடம். அவர் கால்வாய்ப் பக்கமாகச் சுற்றி, பாலத்தைக் கடந்து, ரயில் நிலையத்துக்குப் பின்னால் வந்து இருபத்தைந்து நிமிடம் எடுத்தார். கஜந்தி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி மதிலோரம் போகும்போது மட்டும், "இவ்விடத்திலைதான் அண்டு நிண்டனான்" என்றார்.

அலுவலகத் தரிப்பிடத்தில் ஒரு வானுக்கும் தூணுக்கும் நடுவே ஒரே வீச்சில் பின்னோக்கி நிறுத்தினார். இயந்திரத்தை அணைத்தார்.

"நானே போய்க் குடுத்திட்டு வாறன், பிள்ளை. நீங்கள் ரெண்டு பேரும் இருங்கோ."

"நானும் வாறன் மாமி."

"ஓம், வா." ஆனால் அவர் இறங்கவில்லை.

திரும்பும்போது ஓடப்போகும் கஜந்தி அவரைவிட ஒரு தலை உயரம். இத்தனை வருடத்தில் மூன்று கார்கள். அவற்றின் ஓட்டுநர் சீட்டை இவரைத் தவிர வேறு யாரும் நகர்த்தியதில்லை. ஒருமுறை நகர்த்திவிட்ட மெக்கானிக்கிடம் ஒரு வாரம் கோபித்திருந்தாராம். இப்போது குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, அந்த இரும்புப் பிடியைத் தேடினார். அது இறுகிக் கிடந்தது. கஜந்தி உதவக் கை நீட்டினாள், பிறகு எடுத்துக்கொண்டாள். இரண்டாம் முறை இழுத்தபோது பிடி இளகியது. கமலநாயகி காலை உந்தித் தள்ள, சீட்டு அவரையும் சுமந்துகொண்டு கடைசி வரை பின்னால் போனது. சப்பாத்துப் போட்ட இரண்டு கால்களும் பெடலுக்கு எட்டாமல் நின்றன.

"உனக்கு இடம் காணுமோ எண்டு பார்" என்றார் கஜந்தியிடம்.