அண்ணன் சொன்ன மஞ்சக்காமாலை

எங்கள் வீட்டில் என் தம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு இருக்கிறது. வைத்தவன் என் அண்ணன். எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்று அவனிடம் மட்டும் சொன்னேன், மறுநாளே பொட்டு வந்துவிட்டது. தம்ளரில் இதெல்லாம் ஒட்டாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணன் பி.காம். படித்தவன், தென்காசி பஜாரில் பாத்திரக்கடை முதலாளி. கடை நிறையத் தம்ளர் அடுக்கியிருந்தும் எனக்கென்று புதிதாக ஒன்று எடுத்துவர அவனுக்கு மனசு வரவில்லை. வீட்டில் கிடந்த நசுங்கல் தம்ளரில்தான் பொட்டு வைத்தான்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். கல்யாணம் ஆகவில்லை. எனக்கு இது எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

மாத்திரை தர ஆரம்பித்த அன்றைக்கே டாக்டரம்மா இன்னொன்றையும் சொன்னார். என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமியும் இருக்கிறதாம், ஈரலில் உட்கார்ந்துகொண்டு மஞ்சக்காமாலையைக் கொண்டுவருமே, அதுதான். "ஒரே மாத்திரைதான். ரெண்டு கிருமியையும் அதுதான் அமுக்கி வச்சிருக்கு. நீங்க நிப்பாட்டினீங்கன்னா இந்த ஈரல்காரன் எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிருவான். எங்களைக் கேக்காம ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க." நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். ஈரல் சங்கதியை வீட்டில் மூச்சு விடவில்லை. ஒன்றைச் சொன்னதற்கே தம்ளரில் பொட்டு. இரண்டாவதையும் சொன்னால் என் நெற்றியிலேயே வைத்திருப்பான்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு மாத்திரை. பல வருஷம் ஒரு நாள் தவறவில்லை. அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்றைக்கும் ஒன்பது மணிக்கு அடுக்களைப் பக்கம் ஒதுங்கி வாயில் போட்டேன். சம்மந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கை கழுவ வந்தவர் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, மாத்திர எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பாய்ந்து வந்தான். "அது ஒண்ணுமில்ல சம்மந்தி, அவனுக்கு ரொம்ப நாளா மஞ்சக்காமாலை. அதுக்குத்தான் திங்குதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் அண்ணன், தனக்கே தெரியாமல், பாதி உண்மையைச் சொல்லிவிட்டான். அந்தப் பாதியே என்னைக் கொல்லப் பார்த்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சம்மந்தி நல்ல மனுஷன். ஊருக்கு உபகாரம் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "மஞ்சக்காமாலைக்குப் போயி யாராவது இங்கிலீஷ் மருந்து திம்பாவளா? எங்க பக்கத்துல ஒரு வைத்தியர் இருக்காரு. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். என்னைப் பார்த்தான். போய்த் தொலை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

சம்மந்தியின் காரிலேயே போனோம். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு. பத்திருபது பேர் ஆளுக்கொரு பாட்டிலில் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பவ்யமாக வரிசையில் நின்றார்கள். வைத்தியர் அதில் நாலு அரிசியைப் போட்டு ஊறவைத்து, மஞ்சளாகிறதா என்று பார்ப்பார். யாருடையதில் போட்டாலும் அரிசி கொஞ்சமாவது நிறம் மாறத்தான் செய்யும். அந்த வரிசையில் ஒருத்தரிடமாவது நோய் இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்கவில்லை. என்னுடையதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஈரலை இங்கிலீஷ் மாத்திர அரிச்சிப்புட்டுது. ஒரு மண்டலம் அதக் கையால தொடப்பிடாது. உப்பு கிடையாது, எண்ண கிடையாது. கீழாநெல்லி அரச்சுத் தாரேன், மோருல கலக்கிக் குடிங்க. நாப்பத்தெட்டாம் நாளு அருவியில தல நனச்சீயன்னா எல்லாம் போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கையை நீட்டினான். "மாத்திர டப்பாவத் தாலே."

"அண்ணே, இத நிப்பாட்டக்கூடாது."

"சம்மந்தி தினமும் போன் போட்டுக் கேக்கப்போறாரு. நாளைக்கு வந்து நிப்பாரு. டப்பாவப் பாத்துட்டாருன்னா? எம்மவ வாழ்க்கையே போயிரும்லே. நாப்பத்தெட்டு நாள்ல செத்தா போயிருவ?"

கொடுத்துவிட்டேன். அவனைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேனே, கொடுத்தவன் யார்? நான்தான். போன பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. கிருமி கண்ணுக்கே தெரியவில்லை என்று சொல்லியிருந்தார்கள், அந்தத் திமிர். ஈரல்காரன் தூங்குகிறான், தூங்கட்டும் என்ற மெத்தனம். டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. என்னைப்போல முட்டாள் தென்காசி தாலுகாவில் இருந்திருக்க மாட்டான்.

அது சீசன் நேரம். லாட்ஜில் நிற்க இடமில்லை. சாரலில் நனைந்துவந்து படுக்கை விரிப்பில் தலை துவட்டுகிற கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே உப்பில்லாத சோறு தின்றேன். ஆறாவது வாரம் சோற்றைக் கண்டாலே குமட்டியது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. அண்ணனிடம் சொன்னேன். "மருந்து வேல செய்யுது. நோய் வெளிய வருது" என்றான். பாத்திரக்கடைக்காரனுக்கு எப்போது வைத்தியம் தெரிந்ததோ!

நாற்பத்தெட்டாம் நாள் சம்மந்தியே வந்து என்னை அருவிக்கு அழைத்துப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நின்றேன். வெளியே வந்ததும் என் முதுகில் தட்டி, "போச்சு தம்பி, இனிமே மாத்திரையே வேண்டாம்" என்றார். அண்ணனும் ஆமாம் போட்டான். அடுத்த வாரம் கல்யாணம். "அது முடியட்டும், டப்பாவத் தாரேன்" என்று என் காதில் சொன்னான்.

கல்யாணத்தன்று கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கண்ணும் மஞ்சக்கிழங்கு. அண்ணன் ஓடிப்போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்து என் மூக்கில் மாட்டினான். கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள்: தாலி கட்டும்போது, ஆரத்தி எடுக்கும்போது, எல்லாப் படத்திலும் ஓரமாகக் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு வில்லன் நிற்பான். பந்தியில் ரசத்துக்குச் சோறு பிசையும்போது நான் இலையிலேயே சாய்ந்தேன்.

கண் விழித்தபோது பெரியாஸ்பத்திரி வார்டு. இரண்டு நாள் புத்தி பேதலித்து உளறினேனாம். ஈரல் வெந்துபோயிருக்கிறது, பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் கிடந்தேன்.

ஒரு நாள் டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏன் நிறுத்துனீங்க? மஞ்சக்காமாலைய இத்தன வருஷம் தடுத்து வச்சதே அந்த மாத்திரைதானே?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். அவன் சொன்ன பொய் பொய்யில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் வேறு யாருக்காவது ஈரல் கோளாறு உண்டா என்று டாக்டர் கேட்டார். எங்கள் அம்மா வயிறு வீங்கித்தான் செத்தாள். அவளுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். டாக்டர் அண்ணனுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஹெச்.ஐ.வி. அவனுக்கு இல்லை. ஹெபடைடிஸ் பி இருந்தது. பிறக்கும்போதே இரண்டு பேருக்கும் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஈரல் ஏற்கெனவே கெட ஆரம்பித்துவிட்டதாம். அவனுக்கும் தினம் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது. எனக்குப் பொட்டு வைத்த நாளிலும் அது அவன் ரத்தத்தில் இருந்திருக்கிறது. இத்தனையும் காதால் கேட்டவன், வீட்டுக்குப் போய் மைனியிடம், அதாவது தன் பெண்டாட்டியிடம், என்ன சொன்னான் தெரியுமா? "தம்பிகிட்ட இருந்து ஒட்டிருச்சு." அந்த நாக்கை அறுத்தாலும் தகும். நல்லவேளை, மைனிக்குக் கிருமி இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டாள்.

இப்போது அவன் டப்பாவும் என் அறை அலமாரியில், என் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சம்மந்தி வந்து கேட்டால் இரண்டும் தம்பியுடையது என்று சொல்வதற்கு வசதி. காலை ஒன்பது மணிக்குத் திருடன்போல வந்து கதவைச் சாத்துகிறான்.

போன வாரம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். "எனக்கு ஒண்ணும் செய்யலியேலே. நல்லாத்தான இருக்கேன். ஒரு மாசம் நிப்பாட்டிப் பாக்கட்டா?"

நாற்பத்தெட்டு நாளில் செத்தா போய்விடுவாய் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. எத்தனை நாள் காத்திருந்தேன் அதைத் திருப்பிக் கொடுக்க! ஆனால் வார்டில் நான் கிடந்த மூன்று வாரமும் நினைவுக்கு வந்தது. இந்தப் பயல் அப்படிக் கிடக்கக்கூடாது என்று அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது.

"அண்ணே, முழுங்குங்க. முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டுங்க."

அறையில் இருந்தது என் தம்ளர் ஒன்றுதான். அதை எடுத்து அண்ணாந்து குடித்தான். அடியில் பொட்டு சிவப்பாக என்னைப் பார்த்தது. குடித்து முடித்து, சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து காட்டினான்.